நாற்பதில் வேலை மாறலாம், வாருங்கள்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் காலை ஐந்தரை மணிக்கு ஒரு டீக்கடையில் நின்றால் நம் ஆட்களைப் பார்க்கலாம். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்டும் அவசரம். பதினைந்து வருடமாக ஒரே கேட்டுக்குள் போய்வருபவர்களும் அதில் உண்டு. “இந்தத் தீபாவளியோட விட்டுடுவேன்” என்பார்கள். அடுத்த தீபாவளிக்கும் அதே கடை, அதே பேச்சு.

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று வருடம் ஓட்டியவன். ஒரு கன்டெய்னர் கிடங்கின் ஆவணப் பிரிவிலிருந்து 41 வயதில்தான் வெளியே வந்தேன். அந்த மூன்று வருடத்தில் முதல் இரண்டும் வீண். கடைசி ஒரு வருடம் மட்டும்தான் உருப்படியாகக் காத்திருந்தேன். அந்த ஒரு வருடத்தை எப்படி நடத்துவது என்பதை இங்கே சேர்ந்தே பார்ப்போம்.

யாருக்கு இது?

35 முதல் 50 வயதுக்குள், வடசென்னைத் தொழிற்பட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் நம் ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. இருபத்தைந்து வயதுப் பையன் மாதிரி வெள்ளிக்கிழமை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை தேட நம்மால் முடியாது. அதனால் வேலையில் இருந்துகொண்டே தேடுவோம்.

முதல் படி: எது பிடிக்கவில்லை?

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஒரே ஒரு வரி: இன்று எது மனதை அறுத்தது?

என் நோட்டில் அந்த மாதம் 26 வரிகள். அதில் 17 வரிகள் ஒரே விஷயம்: மாலை ஐந்து மணிக்கு மேல் “இன்னைக்கு நைட்டும் இரு” என்று சொன்னது. சம்பளம் பற்றி இரண்டே வரி. அதுவரை சம்பளம்தான் என் குறை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால், 5,000 ரூபாய் அதிகம் கொடுத்து இன்னும் அதிக இரவு கேட்கும் இடத்துக்குத்தான் போயிருப்பேன்.

குறை மேலதிகாரியோடு மட்டும் என்றால், முதலில் அதே கம்பெனிக்குள் வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள். உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால் வேலையின் வகையையே மாற்ற வேண்டும். கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்றால் படிப்பு தேவைப்படலாம். இந்தப் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: தேதி குறிப்போம்

தேதி இல்லாத காத்திருப்பு ஆளைத் தின்றுவிடும். ஆகவே காலண்டரை எடுப்போம். தேதியை முடிவு செய்பவை நான்கு.

முதலில் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,800 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 800. வருடத்துக்கு 12,000. பதினோரு வருடத்துக்கு 1,32,000.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் அது முழு வருடமாகவே கணக்காகும். 11 வருடம் 5 மாதத்தில் விலகினால் 1,32,000. 11 வருடம் 7 மாதத்தில் விலகினால் 1,44,000. இரண்டு மாதப் பொறுமைக்கு 12,000 ரூபாய். நம் பணியில் சேர்ந்த தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவைப்போம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் கம்பெனியே நேரடியாக எடுத்த தொழிலாளர்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் கணக்கில் சேரும். பே ஸ்லிப்பை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது பென்ஷன். பி.எஃப்.-இல் கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000. எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து பத்து வருடம் நிறைந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். 15,000 வரம்பில் 14 வருடம் பார்த்தவருக்கு 15,000-ஐ 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 3,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் எட்டு, ஒன்பது வருடத்தில் வேலை மாறும்போது அவசரப்பட்டு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துபோகும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எத்தனையோ பேர் இப்படி இழந்திருக்கிறார்கள். பி.எஃப். பணத்தைத் தொடாமல் மாற்றிக்கொள்வோம்.

மூன்றாவது போனஸ். சட்டப்படி மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு, அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. தீபாவளிக்குக் கைக்கு வருவது மார்ச்சோடு முடிந்த வருடத்துக்கான போனஸ். ஆகஸ்டில் விலகினாலும் அது நமக்குச் சேர வேண்டியதே. நல்ல வேலை ஜூலையில் கதவைத் தட்டினால், போனஸுக்காக நவம்பர் வரை தள்ளிப்போட வேண்டாம். ஆனால் 21,000-க்கு மேல் வாங்குபவர்களுக்குக் கம்பெனி தன் விருப்பத்தில் தருவது வேறு. அது பெரும்பாலும் அன்றைக்குப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். அவர்கள் பொறுத்திருப்பது சரி.

நான்காவது வீடு. ஜூன் பள்ளிச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம் முடியும் மாதம், வீட்டில் கல்யாணம். நவம்பர், டிசம்பரில் எர்ணாவூரும் எண்ணூரும் தண்ணீரில் நிற்கும்போது புது கம்பெனியின் முதல் மாதத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. முடிந்தால் பொங்கலுக்குப் பிறகு சேருங்கள்.

இந்த நான்கையும் பார்த்து ஒரு மாதத்தைக் குறியுங்கள். வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ அந்த மாதத்தைச் சொல்லுங்கள். ஷாப் ஃப்ளோரில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

எவ்வளவு கையில் வேண்டும்?

உதாரணத்துக்கு, திருவொற்றியூரில் வாடகை வீட்டில் நான்கு பேர் கொண்ட குடும்பம். வாடகை 9,000. கரண்ட், கேஸ் 2,500. மளிகை, காய் 9,000. மீன், கறி 3,000. பள்ளி, டியூஷன் 5,000. வண்டித் தவணை 3,500. ஏலச்சீட்டு 3,000. கூட்டினால் 35,000.

மூன்று மாதச் செலவு கையில் இருக்க வேண்டும், அதாவது 1,05,000. அடுத்த வேலைக்கான கடிதத்தோடுதான் விலகுகிறோம் என்றாலும் பழைய இடத்தின் கடைசிச் சம்பளம் தள்ளலாம், புது இடத்தில் முதல் சம்பளம் ஒன்றரை மாதம் கழித்து வரலாம். நகையை அடகு வைத்து இந்தத் தொகையைச் சேர்க்க வேண்டாம். மாதம் 8,000 ரூபாய் ஓ.டி. பணத்தைத் தனிக் கணக்கில் போட்டால் 14 மாதத்தில் சேர்ந்துவிடும். நானும் ஓ.டி. பணத்தில்தான் சேர்த்தேன். வெறுத்த அந்த ஓ.டி.க்கு அப்போதுதான் ஒரு அர்த்தம் வந்தது.

இ.எஸ்.ஐ. அட்டையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதன் சம்பள வரம்பு மாதம் 21,000. புது வேலையில் 23,000 என்றால் சந்தோஷம்தான். ஆனால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அம்மாவுக்கு மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை போய்விடும். புது கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோருக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் செலவைப் புதுச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பேப்பர் வேலை

தேதிக்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்குவோம். ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் பணி நியமனக் கடிதம், மூன்று வருட பே ஸ்லிப், இன்கிரிமென்ட் கடிதங்கள், பயிற்சிச் சான்றுகள், ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ அசல்.

பிறகு பி.எஃப். பி.எஃப். இணையதளத்தில் நம் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து நுழைந்து மூன்றைப் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி. தமிழர்களாகிய நமக்கு இனிஷியல்தான் எமன். ஆதாரில் முன்னால் இருக்கும், பி.எஃப்.-இல் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். என் விஷயத்தில் பெயரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அதைத் திருத்தப் பழைய நிறுவனம் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. விலகிய பிறகு கேட்டதால் ஐந்து மாதம் நடையாய் நடந்தேன். வேலையில் இருக்கும்போதே கேட்டிருந்தால் அதே ஆபீஸில் ஒரு மதிய நேரத்தில் முடிந்திருக்கும்.

கான்ட்ராக்டில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே கேட், ஒரே மிஷின், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறியிருப்பார். ஒவ்வொருவரிடமும் ஒரு தனி பி.எஃப். கணக்கு இருக்கும். பழைய கான்ட்ராக்டர் நாம் விலகிய தேதியைப் பதியாமல் போயிருந்தால் பணத்தை மாற்ற முடியாது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் அந்தத் தேதியை இணையதளத்தில் நாமே பதியலாம். பிறகு பழைய கணக்குகளை எல்லாம் இப்போதைய கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எங்கே தேடுவது?

நம் பட்டையில் வேலை செத்துப்போவதும் பிறப்பதும் கண்ணெதிரே நடக்கிறது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று, அந்த வேலை எண்ணூர் பக்கம் நகர்ந்தது. 1970-களில் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதே காலத்தில் 2001-இல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் வளர்ந்து இன்று காமராஜர் துறைமுகமாக நிற்கிறது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். ராயபுரத்தில் இருந்து வடக்கே பார்த்துத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

திசைக்கு ஒரு வழி உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மின்சார ரயில் திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நம் வாசலில் நின்றே போகிறது. நகரத்துக்குள் ஆபீஸ் வேலை என்றால் 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றால் கம்பெனி பஸ் எந்த நிறுத்தம் வரை வருகிறது என்று பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் பதிவது இலவசம். அதையும் மற்ற வேலைத் தளங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆனால் நம் வயதில் நல்ல வேலை பெரும்பாலும் ஆள் மூலமாகத்தான் வருகிறது. முன்பு நம்மோடு வேலை பார்த்து விலகிய ஐந்து பேரின் பட்டியல் எழுதுங்கள். வாரம் ஒருவருக்கு போன். வேலை கேட்க வேண்டாம். “அண்ணே, உங்க இடத்துல என்ன மாதிரி ஆள் தேடறாங்க?” என்று மட்டும் கேளுங்கள். எனக்கு வேலை வந்தது நான்காவது போனில்.

என்ன கற்றுக்கொள்ளலாம்?

காத்திருக்கும் வருடத்தை ஒரு சான்றிதழாக மாற்றுவது நல்ல வழி. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். இப்போது பார்க்கும் வேலைக்கு ஒரு படி மேலே இருப்பதை மட்டும் எடுப்போம்.

கிளியரிங், ஷிப்பிங் ஆபீஸில் கையாளாக இருப்பவர் பெரும்பாலும் எச் கார்டு என்ற சுங்கத்துறை அடையாள அட்டை வைத்திருப்பார். சுங்கத்துறை நடத்தும் தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கினால், ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் அவருடைய மதிப்பே வேறு. நான் போன பாதை இதுதான். இரவு ஒன்பது முதல் பத்தரை வரை, மொட்டை மாடியில், சுங்கச் சட்டப் புத்தகத்தோடு எட்டு மாதம்.

யார்டில் டிரெய்லர் ஓட்டுபவருக்கு ரீச் ஸ்டாக்கர், ஆர்.டி.ஜி. கிரேன் அடுத்த படி. பணம் கட்டிப் பயிற்சிக்குச் சேருமுன், அந்தச் சான்றை எந்த டெர்மினல் ஏற்கிறது என்று அந்த டெர்மினலில் ஓட்டும் ஒருவரிடமே கேளுங்கள். மணலி பக்கம் ஆலைகளில் இருப்பவருக்கு பாய்லர் இயக்குநர் சான்று, எலக்ட்ரீஷியனுக்கு கிண்டியில் உள்ள மின் உரிம வாரியத்தின் சூப்பர்வைசர் தகுதிச் சான்று.

டிப்ளமோ அல்லது பட்டம் உள்ளவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த சனம் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதை நாம் மறக்க மாட்டோம். நம் ஊர் காற்றையும் ஆலையையும் உள்ளிருந்து தெரிந்தவர்கள் பாதுகாப்பு அதிகாரி நாற்காலியில் உட்கார வேண்டும். தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஓராண்டு டிப்ளமோ உண்டு. அதற்கு வேலையைச் சமாளிக்கும் ஏற்பாடு வேண்டும், முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

சம்பளம் பேசும்போது

“வருஷத்துக்கு 4,80,000” என்பார்கள். மாதம் 40,000 என்று மனம் கணக்குப் போடும். கைக்கு வருவது அதுவல்ல. கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, நாம் கட்டுவது 1,800, அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் பணிக்கொடைக்காக ஒதுக்குவது 960 சொச்சம். தொழில் வரியும் போனால் 35,000 சுற்றித்தான் நிற்கும்.

இப்போது பழைய இடத்தில் 28,000 கையில், ஓ.டி. 4,000 என்றால் 32,000. வித்தியாசம் 3,000 மட்டும். புது இடத்துக்குப் போக வர தினம் மூன்று மணி நேரம் என்றால், மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம். அந்த 3,000-ஐ 78-ஆல் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 38 ரூபாய். வேலையின் தரம் உயர்கிறது என்றால் போகலாம். பணத்துக்காக மட்டும் என்றால் இந்த ஆஃபரை விட்டுவிடலாம், அடுத்தது வரும்.

இன்டர்வியூவில் “ஏன் மாறுகிறீர்கள்?” என்பார்கள். பழைய இடத்தைப் பற்றிப் புகார் வேண்டாம். என்ன கற்றேன், அடுத்து என்ன செய்ய நினைக்கிறேன் என்று இரண்டு வாக்கியம் போதும். ஷிப்ட், வார விடுமுறை, பி.எஃப். எந்தத் தொகைக்கு, வேலை நேரடியா கான்ட்ராக்டா என்று நாமும் கேட்போம். நாற்பது வயது ஆள் இதைக் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

ராஜினாமா

வரிசை மாறவே கூடாது. முதலில் ஆஃபர் லெட்டர் கையெழுத்தோடு கைக்கு வரட்டும். மருத்துவப் பரிசோதனை இருந்தால் அது முடியட்டும். அதன் பிறகுதான் ராஜினாமாக் கடிதம்.

நோட்டீஸ் எத்தனை நாள் என்பது நம் நியமனக் கடிதத்தில் இருக்கும். கடிதத்தைக் கையில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், இமெயிலிலும் அனுப்புங்கள். நோட்டீஸ் நாட்களில் ஒரு நாள்கூடச் சோம்பல் வேண்டாம். நம் பின்னால் வருபவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவோம்.

கடைசி நாளில் கேட் பாஸ், பாதுகாப்பு ஷூ, லாக்கர் சாவி திருப்பிக் கொடுத்து நோ டியூஸ் வாங்குங்கள். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் கேளுங்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள். எழுத்தில் விண்ணப்பியுங்கள், வாய்வார்த்தை போதாது.

உஷார்

“துறைமுகத்தில் நிரந்தர வேலை, மூன்று லட்சம் கொடுத்தால் உறுதி” என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அரசுப் பணி அறிவிப்பு, தேர்வு வழியாகத்தான் வரும். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் மனைவியின் தாலிச் சங்கிலியை இப்படித் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வளைகுடா வேலை என்றால், முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசுக்கே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று 1978 முதல் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிப்போம்.

அசல் சான்றிதழ்களைக் கேட்டு வைத்துக்கொள்ளும் இடத்தில் சேர வேண்டாம்.

புது இடத்தில் முதல் மூன்று மாதம்

சேரும் அன்று பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். புது எண் உருவாக்க விட வேண்டாம். அந்த நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பள விவரத்தையும் கொடுத்துவிட்டால் மார்ச்சில் வரிக் குழப்பம் இராது.

முதல் பே ஸ்லிப் வந்ததும், ஆஃபர் லெட்டரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். இரண்டாம் மாதம் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து புதுக் கம்பெனியின் சந்தா விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பழைய கணக்கை மாற்ற விண்ணப்பம். அந்தப் பழைய தொகை புதுக் கணக்கில் ஏறி நிற்கும் வரியைப் பார்க்கும் வரை, பிளாஸ்டிக் ஃபைலைப் பரணில் போட வேண்டாம்.